முகம் அப்புறம், முதலில் துணியைப் பாருங்கள்

"ஆப்பிரிக்கப் புகைப்படக்காரர்கள், டிசைனர்கள், ஓவியர்கள் என்று இப்போது எங்கே பார்த்தாலும் புதுப்புதுப் பெயராக வருகிறது, யாரிடமிருந்து தொடங்குவது? அப்புறம் ஏன் எல்லாப் படத்திலும் கண்ணைப் பறிக்கும் ஒரு துணி, அதற்குப் பின்னால் பூப்போட்ட இன்னொரு துணி? ஆளைவிடத் துணிதானே தெரிகிறது, இது வெள்ளைக்காரர்களைக் கவரச் செய்யும் ஜோடனையா?" இதுதான் நீங்கள் கேட்டது. பின்பாதி கொஞ்சம் குத்தலான கேள்விதான், ஆனால் சரியான இடத்தில் குத்துகிறது. அந்தத் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனாலே பாதிக் கதை வந்துவிடும், யாரிடமிருந்து தொடங்குவது என்பதும் வழியிலேயே தெரிந்துவிடும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 54 நாடுகள் உள்ள கண்டத்தை ஒரே பதிலில் அடக்க முடியாது. நான் அதிகம் பார்த்திருப்பது மேற்கு ஆப்பிரிக்கா, தென்னாப்பிரிக்கா, அப்புறம் லண்டனில் குடியேறியவர்களின் வேலை. வட ஆப்பிரிக்காவைப் பற்றி இதில் ஒன்றுமே இருக்காது.

பமாக்கோவில் தொடங்குவோம், மாலியின் தலைநகர். அங்கே 1948-இல் சேய்தூ கெய்த்தா என்பவர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோ திறந்தார். தச்சு வேலை தெரிந்தவர், 1935-இல் மாமா கொண்டுவந்து கொடுத்த சின்ன கோடாக் பிரௌனி கேமராவில் படம் எடுக்கப் பழகியவர், பள்ளிக்கூடத்துப் படிப்பு கிடையாது. செனகலின் டாக்கரிலிருந்து வரும் ரயில் பாதை என்பதால் உள்ளூர்க்காரர்கள் மட்டுமில்லாமல் வெளியூர்ப் பயணிகளும் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் வெயில் வெளிச்சம்தான். ஃபிலிம் விலை அதிகம் என்பதால் ஒரு ஆளுக்கு ஒரே கிளிக், அதனால் உட்கார வைப்பதிலும் கையை எங்கே வைப்பது, முகத்தை எவ்வளவு திருப்புவது என்பதிலும்தான் அவருடைய முழுத் திறமையும் இருந்தது. பின்னணித் திரை என்று தனியாக ஒன்றும் வாங்கவில்லை. தன் கட்டிலில் கிடந்த குஞ்சம் வைத்த விரிப்பைத்தான் முதலில் சுவரில் மாட்டினார், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேறு துணி மாற்றுவார். பிற்பாடு நெகட்டிவ்களுக்கு வருடம் குறிக்க வேண்டி வந்தபோது, பின்னால் தொங்கும் துணியைப் பார்த்துத்தான் இது இந்தக் காலம் என்று சொல்ல முடிந்தது.

ஸ்டுடியோவில் கோட்டு சூட்டு மூன்று செட், டை, தொப்பி, கைக்கடிகாரம், ஃபவுண்டன் பேனா, ரேடியோ, டெலிபோன், பிளாஸ்டிக் பூ, ஒரு ஸ்கூட்டர் எல்லாம் இருந்தன. வருபவர் எதை வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இதை ஏமாற்று வேலை என்று நினைத்தால் விஷயம் கைநழுவிவிடும். மாலி அப்போது பிரெஞ்சுக் காலனி. அதுவரை ஆப்பிரிக்கர்களை எடுத்த படங்களில் பெரும்பகுதி அதிகாரிகளும் மிஷனரிகளும் அஞ்சலட்டை வியாபாரிகளும் எடுத்தவை, அவற்றில் ஆளுக்குப் பெயர் இருக்காது, "இன்ன இனத்துப் பெண்" என்று மட்டும் எழுதியிருக்கும். கெய்த்தாவின் ஸ்டுடியோவுக்கு வந்தவர் தன் காசைக் கொடுத்து, தனக்குப் பிடித்த உடுப்பில், தான் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தார். துணி எது, நகை எவ்வளவு வெளியே தெரிய வேண்டும், ரேடியோமேல் கை வைக்கலாமா, எல்லாம் அவர் விருப்பம். கேமராவுக்கு இந்தப் பக்கம் இருப்பவரும் அந்தப் பக்கம் இருப்பவரும் சேர்ந்து செய்த வேலை அது. இன்று லாகோஸிலோ லண்டனிலோ ஒரு இளைஞர் எடுக்கும் ஃபேஷன் படத்தில் நீங்கள் பார்ப்பது இந்த ஏற்பாட்டைத்தான் என்பது என் எண்ணம்.

கெய்த்தா 1962-இல் புது அரசாங்கத்தின் புகைப்படக்காரர் ஆனார், ஸ்டுடியோ மூடிவிட்டது. 1991-இல் நியூயார்க்கில் ஒரு பெரிய ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சியில் அவருடைய படங்கள் மாட்டப்பட்டபோது கீழே என்ன எழுதியிருந்தது தெரியுமா? "எடுத்தவர் பெயர் தெரியவில்லை" என்று. ஆள் உயிரோடு பமாக்கோவில் வண்டி மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்! அந்தக் கண்காட்சியைப் பார்த்த ஒரு பணக்காரச் சேகரிப்பாளர் ஆந்த்ரே மாக்னன் என்பவரை பமாக்கோவுக்கு அனுப்பினார், அவர் டாக்ஸி பிடித்து விசாரித்துக்கொண்டு போக, டாக்ஸிக்காரர் கொண்டுபோய் விட்டது மலிக் சிதிபேயின் ஸ்டுடியோவில். சிதிபேதான் இது கெய்த்தா எடுத்தது என்று சொல்லி அவரிடம் கூட்டிப்போனார். ஒரு ஆளைத் தேடிப் போய் இரண்டு பெரிய கலைஞர்களைக் கண்டுபிடித்த கதை. கண்டுபிடித்த என்பதை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், பமாக்கோக்காரர்களுக்கு இருவரையும் எப்போதும் தெரியும்.

1994-இல் பாரிஸில் கெய்த்தாவுக்குத் தனிக் கண்காட்சி, அங்கே படங்கள் ஆளுயரத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் அழுத்தமாக அச்சாகி வந்தன. அவர் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்ததோ, கையில் அடங்கும் சின்னச் சின்னப் பிரதிகள், வீட்டில் வைத்துக்கொள்ளவும் உறவினர்களுக்கு அனுப்பவும். பெரிய பிரதி பார்க்க அட்டகாசமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் சொந்தச் சாமான் மியூசியத்துக்குப் போகும்போது என்ன மாறுகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

சிதிபே வேறு மாதிரி ஆள். 1960-இல் மாலிக்குச் சுதந்திரம் கிடைத்தபிறகு ஊரெல்லாம் இளைஞர் கிளப்புகள், ட்விஸ்ட் நடனம், பெல்பாட்டம். ஒரே இரவில் நாலைந்து பார்ட்டிக்குப் போய்ப் படம் எடுத்து, விடிவதற்குள் கழுவி, சின்னச் சின்னப் பிரதிகளை அட்டையில் ஒட்டி ஸ்டுடியோ வாசலில் வைப்பார், பசங்கள் வந்து தங்கள் படத்தைத் தேடி ஆர்டர் கொடுப்பார்கள். 1963 கிறிஸ்துமஸ் இரவில் எடுத்த ஒரு படம் உலகப் பிரசித்தம்: வெள்ளை சூட் போட்ட அண்ணனும் செருப்பில்லாத காலோடு தங்கையும், தலை தலையோடு முட்டும் அளவுக்குக் குனிந்து ஆடுகிறார்கள், இருவருடைய கண்ணும் தங்கள் காலில். 2007-இல் வெனிஸ் பியன்னாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர், முதல் புகைப்படக்காரரும் அவர்தான். விருதுக்குப் பிறகும் அதே பழைய ஸ்டுடியோ. 2016-இல் இறந்தார்.

கானாவின் ஜேம்ஸ் பார்னரை இவர்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1950-களில் அக்ராவில் ஸ்டுடியோ, 1959-இல் லண்டன், அங்கே 'டிரம்' பத்திரிகைக்காகக் கறுப்பினப் பெண்களைத் தெருவில் நிற்க வைத்து அட்டைப்படம், அப்புறம் 1970 வாக்கில் ஊர் திரும்பிக் கலர் கழுவும் லேப். அக்ராவையும் லண்டனையும் ஒரே கண்ணால் பார்த்தவர். புலம்பெயர்ந்தவர்களின் ஃபேஷன் படம் என்பது இன்ஸ்டாகிராமில் பிறந்தது என்று யாராவது சொன்னால் பார்னரின் 1966, 67-ஆம் வருடப் படங்களைக் காட்டுங்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவர் சாமுவேல் ஃபோசோ. கேமரூனில் 1962-இல் பிறந்து நைஜீரியாவில் வளர்ந்தவர். சின்ன வயதில் கை கால் முடங்கியிருந்ததால், எல்லாக் குழந்தைகளுக்கும் எடுக்கும் படத்தை இவருக்கு எடுக்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு எதற்கு வீண் செலவு என்று வீட்டில் நினைத்தார்களாம். நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போர் முடிந்தபிறகு மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பங்கி நகருக்கு உறவினரோடு போனார், பக்கத்து ஸ்டுடியோவில் சில மாதம் வேலை பழகி, 1975-இல் 13 வயதில் சொந்த ஸ்டுடியோ திறந்துவிட்டார். பகலில் பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும். மாலையில் ஃபிலிம் ரோலில் இரண்டு மூன்று மிச்சம் இருக்கும், அதை வீணாக்காமல் தன்னையே எடுத்துக்கொள்வார், நான் நன்றாக இருக்கிறேன் என்று நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு அனுப்ப. உயரமான பிளாட்ஃபார்ம் ஷூ, பெல்பாட்டம், கறுப்புக் கண்ணாடி, சட்டையில்லாமல் கையுறை மட்டும் என்று விதவிதமான வேஷம். குழந்தைப் படம் இல்லாத பையன் தனக்குத்தானே ஒரு ஆல்பம் செய்துகொண்டான்.

அந்த வேஷம்தான் பிறகு அவருடைய முழுநேரக் கலை ஆனது. 1997-இல் பாரிஸின் 'டாட்டி' என்ற மலிவு விலைத் துணிக்கடைக்காக எடுத்த வரிசையில் ஒரு படம்: சிறுத்தைத்தோல், கழுத்து நிறையத் தங்கச் சங்கிலி, கண்ணாடி, கையில் சூரியகாந்திப் பூ, பின்னால் கலர் கலரான அச்சுத் துணி. தலைப்பு, ஆப்பிரிக்காவைக் காலனிக்காரர்களுக்கு விற்ற தலைவர். பார்த்ததும் சிரிப்பு வரும், தலைப்பைப் படித்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். 2008-இல் மார்ட்டின் லூதர் கிங், ஏஞ்சலா டேவிஸ், மால்கம் எக்ஸ், மண்டேலா என்று கறுப்பின வரலாற்றின் முக்கியமான ஆட்களாகத் தானே வேஷம் கட்டி, அவர்களுடைய பிரபலமான படங்களை மறுபடி எடுத்தார். 2014-இல் உள்நாட்டுக் கலவரத்தில் பங்கியிலிருந்த அவர் வீடு சூறையாடப்பட்டது. தெருவில் சிதறிக் கிடந்த நெகட்டிவ்களை, கலவரத்தைப் படம் எடுக்க வந்திருந்த பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தற்செயலாகப் பார்த்து, ஆயிரக்கணக்கில் பொறுக்கிக் காப்பாற்றினார்கள்.

சரி, துணிக்கு வருவோம். நாம் ஆப்பிரிக்கத் துணி என்று உடனே சொல்கிற, பளீரென்று பெரிய பெரிய பூவும் பறவையும் போட்ட அந்த வாக்ஸ் பிரிண்ட் இருக்கிறதே, அது ஆப்பிரிக்காவில் பிறந்ததே இல்லை. மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து, அதை மெஷினில் மலிவாகச் செய்து இந்தோனேசியாவிலேயே விற்கலாம் என்று டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் அது. மெஷினில் மெழுகு வெடித்து நரம்பு நரம்பாகக் கோடு விழுந்ததை ஜாவாக்காரர்கள் மட்டமான வேலை என்று ஒதுக்க, மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் அதே துணி சக்கைப்போடு போட்டது. இன்றைக்கும் இதில் பெரிய பெயர் விலிஸ்கோ, 1846 முதல் நெதர்லாந்தின் ஹெல்மண்ட் ஊரில் இருக்கும் கம்பெனி. ஆனால் அந்த டிசைன்களுக்குப் பெயர் வைத்தவர்கள் சந்தையில் விற்ற பெண்கள். கூண்டிலிருந்து பறவை பறக்கும் டிசைனுக்கு "நீ வெளியே போனால் நானும் போவேன்" என்று பெயர், கணவனுக்குச் சேலைமேல் எழுதிய எச்சரிக்கை மாதிரி! இன்னொன்றுக்கு "என் புருஷனால் முடியும்", அதாவது இந்த விலையில் வாங்கித் தர முடியும். டோகோவின் லோமே நகரில் இந்தத் துணியை மொத்த வியாபாரம் செய்த பெண்கள் பென்ஸ் கார் வாங்கும் அளவுக்கு வளர்ந்ததால் அவர்களுக்கு நானா பென்ஸ் என்றே பெயர் வந்துவிட்டது.

இந்தக் குழப்பத்தையே முதலாக வைத்து வேலை செய்தவர் யின்கா ஷோனிபாரே. லண்டனில் பிறந்து லாகோஸில் வளர்ந்து, லண்டனில் கலை படித்தவர். படிக்கும்போது சோவியத் யூனியனில் நடந்துகொண்டிருந்த மாற்றங்களைப் பற்றி ஏதோ செய்துகொண்டிருந்தவரிடம் ஆசிரியர், நீ ஆப்பிரிக்கன்தானே, அசலான ஆப்பிரிக்கக் கலை செய்யக் கூடாதா என்று கேட்டாராம். ஷோனிபாரே நேராக லண்டனின் பிரிக்ஸ்டன் சந்தைக்குப் போய் வாக்ஸ் துணி வாங்கி, அது டச்சுத் துணி என்று தெரிந்துகொண்டு, அதிலேயே விக்டோரியா காலத்து கவுனும் கோட்டும் தைத்துத் தலையில்லாத பொம்மைகளுக்கு மாட்டினார். 2003-இல் செய்த ஒரு படைப்பில் இப்படித் தலையில்லாத 14 பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், மேஜைமேல் ஆப்பிரிக்க வரைபடம். பெர்லின் மாநாட்டில் ஐரோப்பிய நாடுகள் கண்டத்தைப் பங்கு போட்ட கதை. அசல் எது என்று கேட்டவருக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

இங்கே நமக்கும் ஒரு நூல் ஓடுகிறது. நைஜர் டெல்டாவில் கலபாரி என்று ஒரு மக்கள், அவர்களுக்குக் கல்யாணம், சாவு, பிள்ளைப்பேறு எதுவானாலும் 'இன்ஜிரி' வேண்டும். இன்ஜிரி என்பது வேறொன்றுமில்லை, சென்னைப் பக்கத்துத் தறிகளில் கட்டம் போட்டு நெய்து, ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப் என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் ஏறிய துணி. நைஜீரியாவில் இக்போக்கள் கட்டும் 'ஜார்ஜ்' என்ற துணிக்கும் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்துதான் பெயர் என்று சொல்வார்கள். கலபாரிப் பெண்கள் அதை அப்படியே கட்டுவதோடு நிற்கவில்லை. ஊசியால் நூலைத் தூக்கி, பிளேடால் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்து, நெய்த கட்டத்துக்குள் புதுக் கோலம் ஒன்றைக் கொண்டுவருகிறார்கள், அதற்குப் பெலெட்டே பிட்டே என்று பெயர், அறுத்த துணி. மேலே ஒன்றையும் சேர்க்காமல், இருப்பதிலிருந்து எடுத்தே செய்யும் வேலை. நம் நெசவாளி அனுப்பியது துணி, அவர்கள் கட்டுவது அவர்களுடைய துணி. அதே கலபாரி ஊரான புகுமாவில் பிறந்து லண்டனில் வேலை செய்யும் சிற்பி சொகாரி டக்ளஸ் கேம்ப், இரும்புத் தகட்டை வெட்டியும் வெல்டிங் வைத்தும் ஆட்களையும் அவர்கள் உடுப்பையும் செய்கிறவர். அவருடைய சிற்பங்களில் தகட்டைத் துளைத்து அறுத்த இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நூல் உருவிய அந்தத் துணிதான் ஞாபகம் வரும். இது என் ஊகம்தான், அவர் சொன்னதல்ல.

டிசைனர்களிடம் போனால் இந்தத் துணிச் சண்டை இன்னும் நேரடியாக இருக்கும். கேமரூனின் இமான் ஆயிஸ்ஸி 2020 ஜனவரியில் பாரிஸ் ஓட் கூட்யூர் (கையால் தைக்கும் உயர்ரக ஃபேஷன்) வாரத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற்றார், சகாராவுக்குத் தெற்கிலிருந்து அவர்தான் முதல் ஆள். அவர் வாக்ஸைத் தொடவே மாட்டார், அது காலனிச் சரக்கு என்பது அவர் கட்சி. அதற்குப் பதில் மரப்பட்டைத் துணி, ராஃபியா என்ற பனைநார், கானாவின் கெண்ட்டே நெசவு, புர்கினா ஃபாசோவின் கைத்தறி. (புர்கினாவில் 1980-களில் தாமஸ் சங்கரா ஆட்சியில் அரசு ஊழியர்கள் உள்ளூர்க் கைத்தறி உடுத்த வேண்டும் என்று ஆணையே இருந்தது, கதரை வைத்து அரசியல் பேசிய நமக்கு இது புரியும்.) நைஜீரியாவின் கென்னத் இசே யோருபாக்களின் ஆஷோ ஓக்கே நெசவை வைத்து நெசவாளர்களோடு சேர்ந்து சூட் செய்கிறார். ஷோனிபாரே வாக்ஸை வைத்தே காலனியைக் கிண்டல் செய்கிறார், ஆயிஸ்ஸி அதை ஒதுக்கிவைத்துப் பதில் சொல்கிறார். எனக்கு ஷோனிபாரேயின் வழி பிடிக்கும், ஆனால் நெசவாளிக்குக் கூலி கிடைப்பது ஆயிஸ்ஸியின் வழியில்.

தென்னாப்பிரிக்காவின் தெபே மகுகு 2019-இல் இளம் டிசைனர்களுக்கான எல்விஎம்எச் பரிசு வாங்கிய முதல் ஆப்பிரிக்கர். அவருடையது கண்ணைப் பறிக்கும் துணியே இல்லை, நல்ல வெட்டு, அடக்கமான நிறம், ஆனால் ஒவ்வொரு தொகுப்புக்குப் பின்னாலும் ஒரு ஆராய்ச்சி இருக்கும். ஒன்றுக்காக நிறவெறி ஆட்சிக் காலத்துப் பெண் உளவாளிகளைப் பற்றித் தேடிப் போய்ப் பேசியிருக்கிறார். வெர்ஜில் ஆப்லோவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றுதான் சொல்வேன்: கானாவிலிருந்து அமெரிக்கா போன தையல்காரம்மாவின் மகன், சிவில் இன்ஜினியரிங் படித்தவர், 2018-இல் லூயி வித்தோனின் ஆண்கள் பிரிவுக்குத் தலைமை ஏற்றார், 2021-இல் 41 வயதில் இறந்துவிட்டார்.

துணியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், தோலைப் பற்றியும் பேச வேண்டும். பழைய கலர் ஃபிலிமும் அதை லேபில் அச்சிடும் முறையும் வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்துச் சரிசெய்யப்பட்டவை. கோடாக் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைப் பெண் இருப்பார், அந்த அட்டைக்கே ஷெர்லி கார்டு என்று பெயர். கறுப்பு முகம் வந்தால் கண்ணும் பல்லும்தான் தெரியும். இதைச் சரிசெய்யச் சொல்லிக் குரல் எழுந்து காது கொடுக்கப்பட்டதில் சாக்லெட் கம்பெனிகளுக்கும் மர நாற்காலி விற்பவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு, அவர்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று! மனிதர்கள் சொன்னபோது ஆகாத காரியம்.

இதைத் தெரிந்துகொண்டு ஜானலே முஹோலியின் படங்களைப் பாருங்கள். டர்பனுக்குப் பக்கத்து உம்லாசியில் 1972-இல் பிறந்தவர், தன்னைக் கலைஞர் என்பதைவிடக் காட்சிவழிச் செயற்பாட்டாளர் என்றே சொல்லிக்கொள்பவர். 2006 முதல் தென்னாப்பிரிக்காவின் கறுப்பின லெஸ்பியன் பெண்களையும் திருநம்பிகளையும் நேருக்கு நேர் நிற்க வைத்து எடுத்துக்கொண்டே வருகிறார். தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்றதும் அதே வருடம்தான், ஆனால் தெருவில் அடியும் கொலையும் நின்றபாடில்லை, அதனால் இந்த முகங்கள் இருந்தன என்பதற்கே ஒரு பதிவு தேவைப்பட்டது. 2012-இல் அவர் வீட்டில் திருடியவர்கள் ஹார்ட் டிரைவ்களைக் குறிவைத்து எடுத்துப்போக, பல வருட வேலை போய்விட்டது. அதே காலத்தில் தன்னையே எடுக்கத் தொடங்கினார். அந்தச் சுயபடங்களில் அச்சிடும்போது தோலின் கறுப்பை வேண்டுமென்றே இன்னும் ஏற்றியிருப்பார், கண்ணின் வெள்ளை மட்டும் உங்களைத் துளைக்கும். தலையில் கிரீடம் மாதிரி இருப்பது என்னவென்று கிட்டப்போய்ப் பார்த்தால் துணி காயப்போடும் கிளிப், பாத்திரம் தேய்க்கும் நார், ரப்பர் ட்யூப். அவருடைய அம்மா பெஸ்டர் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்தவர். இங்கே அலங்காரம் என்பது அம்மாவின் வேலைச் சாமான்.

செனகலின் ஓமர் விக்டர் தியோப் 2014-இல் செய்த ஒரு வரிசை நம் ஆட்களுக்குத் தனியாகப் பிடிக்கும். பழைய ஓவியங்களில் இருக்கும், ஆப்பிரிக்காவுக்கு வெளியே பெயர் எடுத்த ஆப்பிரிக்கர்களாகத் தானே வேஷம் போட்டுக்கொண்டு, கையில் கால்பந்து, ஊதல், சிவப்பு அட்டை என்று ஏதாவது ஒன்றை வைத்திருப்பார். ஐரோப்பிய மைதானத்தில் கோல் போடும்வரை கொண்டாடி, தவறவிட்டால் தோல் நிறத்தைச் சொல்லித் திட்டும் கூட்டத்துக்கான குத்து அது. அந்த வரிசையில் மாலிக் ஆம்பரும் ஒருவர், எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டுத் தக்காணம் வந்து, அகமதுநகரை நடத்தி முகலாயப் படையைத் திணறடித்தவர்.

ஃபேஷன் பத்திரிகைகள் இந்த ஊற்றுக்கு வந்து சேர்ந்தது ரொம்பத் தாமதமாக. அமெரிக்க வோக் 1892-இல் தொடங்கிய பத்திரிகை, அதன் அட்டைப்படத்தை ஒரு கறுப்பினப் புகைப்படக்காரர் முதன்முதலில் எடுத்தது 2018 செப்டம்பரில், பியான்சேயை எடுத்த டைலர் மிட்செல், வயது 23. பின்னால் தொங்கியது ஒரு வெள்ளைத் துணி! பிரிட்டிஷ் வோக்கில் கானாவில் பிறந்த எட்வர்ட் எனின்ஃபுல் ஆசிரியரானது 2017, நடீன் இஜெவேரே அட்டைப்படம் எடுத்தது 2019 ஜனவரி. மெல்பர்னில் இருக்கும் தெற்கு சூடான் குடும்பத்துப் பெண் அடோங் அடெம் தன் நண்பர்களை உட்கார வைத்து எடுத்த ஸ்டுடியோ வரிசையையும் பாருங்கள், கெய்த்தாவின் பேத்தி என்றே சொல்லலாம், கலரில், பூமேல் பூவாக, அகதிக் குடும்பத்தின் இரண்டாம் தலைமுறையின் கண்ணோடு.

ஓவியத்திலும் சிற்பத்திலும் துணி விட்டபாடில்லை. கானாவில் நெசவாளியின் மகனாகப் பிறந்து நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன எல் அனட்சுயி, ஒருநாள் சாராய பாட்டில் மூடிகள் கிடந்த ஒரு பையைப் பார்த்து எடுத்து வந்தார். அவற்றைத் தட்டி, மடித்து, செப்புக் கம்பியால் கோத்துக் கோத்து, சுவரை மூடும் அளவுக்குத் தொங்கும் தங்கப் பட்டு மாதிரி ஆக்கினார். தூரத்தில் கெண்ட்டே, கிட்டத்தில் பிராந்திப் பெயர்கள், அந்தச் சாராயமோ அடிமை வியாபாரத்தில் மனிதர்களுக்கு மாற்றாகக் கப்பலில் வந்த சரக்கு. எப்படி மடித்து மாட்டுவது என்பதை மாட்டுபவர்களிடமே விட்டுவிடுவார், ஒவ்வொரு ஊரிலும் வேறு வடிவம். இன்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்துகொண்டு வரையும் வீட்டு அறைகளில், சுவரும் தரையும் சட்டையும் நைஜீரியப் பத்திரிகைப் படங்களால் ஆனவை. சிலவற்றில் அவர் அம்மா முகம் அச்சிட்ட துணி தெரியும். அம்மா டோரா அகுன்யிலி, நைஜீரியாவில் போலி மருந்துக்காரர்களை விரட்டிய அதிகாரி. தேர்தல், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் முகம் போட்டுத் துணி அடிப்பது அங்கே வழக்கம்.

வெள்ளைக்காரர்களுக்கான ஜோடனையா என்று கேட்டீர்களே, அதில் உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அக்ராவின் அமோகோ போவாஃபோ முகங்களை விரலாலேயே வரைபவர், நல்ல ஓவியர். அவர் 2019-இல் வரைந்த ஒரு ஓவியம் அடுத்த பிப்ரவரியிலேயே லண்டன் ஏலத்துக்கு வந்து, அதிகபட்சம் 50,000 பவுண்டு போகும் என்றிருந்தது 6,75,000 பவுண்டுக்குப் போனது. பெயிண்ட் காய்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. அதைப் பார்த்துக் கறுப்பு முகம், பளீர்ச் சட்டை, ஒரே நிறப் பின்னணி என்று அச்சில் வார்த்த மாதிரி ஓவியங்கள் வரிசைகட்டி வந்தன, நீங்கள் அலுத்துப்போனது அவற்றைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். எது எது என்று பிரிக்க நான் வைத்திருக்கும் சோதனை எளியது: அந்தத் துணியை மாற்றினால் படம் மாறுகிறதா? முஹோலியின் கிளிப்பை எடுத்துவிட்டு முத்துமாலை போட்டுப் பாருங்கள், படமே இல்லை. பல ஏலச் சரக்கில் எந்தச் சட்டையையும் மாட்டலாம்.

எங்கே தேடுவது என்றால், வெளிநாட்டு மியூசியம் மட்டும் பார்க்காதீர்கள். 1994 முதல் நடக்கும் பமாக்கோ புகைப்பட பியன்னாலே, ஆயிதா முலுனே எத்தியோப்பியாவில் தொடங்கிய அடிஸ் ஃபோட்டோ ஃபெஸ்ட், லாகோஸ் ஃபோட்டோ, ஜோஹானஸ்பர்க்கின் மார்க்கெட் ஃபோட்டோ வொர்க்‌ஷாப், லண்டனில் ஆட்டோகிராஃப் என்ற கேலரி, இந்தப் பெயர்களைத் தேடினாலே அடுத்த பத்து வருடத்தின் ஆட்கள் கிடைப்பார்கள். எழுத்து வேண்டுமென்றால் ஒக்வுயி என்வேசோர் எழுதியதைப் படியுங்கள், கண்காட்சி அமைப்பாளர், 1996-இல் நியூயார்க் குக்கன்ஹைம் மியூசியத்தில் ஆப்பிரிக்கப் புகைப்படத்தைக் கொண்டுபோய் வைத்தவர்களில் ஒருவர், ஆங்கிலம் கொஞ்சம் கடினம், பொறுமை வேண்டும்.

ஆனால் இன்று இரவே ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் கெய்த்தா 1950-களின் பிற்பகுதியில் எடுத்த, சாய்ந்து படுத்திருக்கும் பெண்ணின் படத்தைப் பாருங்கள். உடுப்பில் ஒரு டிசைன், படுத்திருக்கும் விரிப்பில் ஒன்று, பின்னால் தொங்கும் துணியில் இன்னொன்று. கறுப்பு வெள்ளை என்பதால் நிறம் உதவிக்கு வராது, துணி எங்கே முடிந்து விரிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண் கொஞ்ச நேரம் தடுமாறும். அப்புறம் அவர் கையைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள். அதுவரை அவர் உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பார்.